பெட்ரோலுக்கும் மூப்பு உண்டு

நாகப்பட்டினம் வட்டாரத்தில் நரிமணத்தில் பூமியைத் துளைத்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய், பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது. அவ்வளவு காலமும் அது பிசுபிசுத்துப் போகவில்லை. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த பெட்ரோலைக் காரில் நிரப்பி, அந்தக் காரை ஓராண்டு ஓட்டாமல் நிறுத்திவைத்தால் கதை வேறு. பெட்ரோலின் நிறம் கறுக்கிறது. மூடியைத் திறந்தால் வார்னிஷ் நெடி அடிக்கிறது. டேங்கின் அடியில் பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டிக்கிடக்கிறது. பாறைக்குள் அத்தனை யுகம் தாங்கிய பொருள் நம் வீட்டு வாசலில் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. ஏன்?

முதல் காரணம் காற்று. பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் கிடந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. டேங்கில் பெட்ரோலுக்கு மேலே எப்போதும் காற்று நிற்கிறது. ஆனால் காற்று மட்டும் இவ்வளவு வேகமாக வேலை செய்துவிடாது. ஆக்சிஜனோடு சேரத் துடிக்கும் மூலக்கூறுகளைச் சுத்திகரிப்பு ஆலையில் நாமே உண்டாக்கிவிடுகிறோம் என்பது இரண்டாவது காரணம். கார் டேங்கில் சேரும் கசட்டை விளங்கிக்கொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. கசடு எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் டேங்கைக் கழுவுகிறவர், பாதிக் கசட்டை உள்ளேயே விட்டுவிடுவார். சில சமயம் உயிரையும் பணயம் வைத்துவிடுவார்.

உடைத்த சங்கிலிகள்

கச்சா எண்ணெயில் இயல்பாகப் பெட்ரோலாகும் பகுதி சிறியது. மோட்டார் கார்கள் பெருகியபோது அந்தப் பகுதி போதவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலர், கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கி, அதன் நீண்ட கார்பன் சங்கிலிகளைச் சிறு சங்கிலிகளாக உடைக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். பிரான்சைச் சேர்ந்த யூஜின் ஹூட்ரி அந்த வேலைக்கு வினையூக்கியைப் பயன்படுத்திக் காட்டினார். அவருடைய முறையில் அமைந்த பெரிய அலகு 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக் ஆலையில் ஓடத் தொடங்கியது. இன்று சென்னை மணலியில் உள்ளது உட்பட உலகின் பல ஆலைகள் இந்த வழியில் வந்தவை.

நீண்ட சங்கிலியை நடுவில் உடைக்கும்போது இரண்டு துண்டுகளின் முனைகளையும் நிரப்ப ஹைட்ரஜன் போதாது. எனவே ஒரு துண்டில் அடுத்தடுத்த இரண்டு கார்பன் அணுக்கள் தங்களுக்குள் இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. இத்தகைய மூலக்கூறுகளுக்கு ஒலிபீன்கள் என்று பெயர். கச்சா எண்ணெயில் இவை இல்லை என்றே சொல்லிவிடலாம். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்துவதால் இவை விரும்பத்தக்கவைதான். ஆனால் இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடம் வேதியியல் கணக்கில் பலவீனமான இடம். பாரத் ஸ்டேஜ் 6 தரத்தில் சாதாரணப் பெட்ரோலில் ஒலிபீன் 21 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலவீனமான இடத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிடுங்கப்பட்டால் மூலக்கூறு இணையில்லாத எலக்ட்ரானோடு நிற்கும். ஆக்சிஜன் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பிறந்த பெராக்சைடு, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போது அந்த மூலக்கூறு அதே நிலைக்கு வந்துவிட்டது. ஒன்று கெட்டால் அடுத்ததைக் கெடுக்கும் தொடர்வினை இது. கெட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, பெட்ரோலில் கரையாத பிசினாகப் படிகின்றன. சமையலறையில் எண்ணெய் டப்பாவின் வெளிப்பக்கம் வழிந்த எண்ணெய் நாள்படக் கெட்டியாகிக் கையில் ஒட்டுகிறதே, அங்கே நடப்பதும் இந்த வேதிவினைதான். வெப்பம் ஏற ஏற இது வேகம் பிடிக்கும். செம்பு போன்ற உலோகங்கள் துளியளவு கலந்திருந்தாலும் இன்னும் விரைவாகும்.

உடைத்த பெட்ரோல் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இந்தப் பிசின் பெருந்தொல்லையானது. அதற்குத் தீர்வாக வந்தவைதான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். தொடர்வினை தொடங்கும்போது தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்துத் தாங்களே அழிந்துபோகும் மூலக்கூறுகள் இவை. பெட்ரோலில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும். இவை தீரும்வரை பெட்ரோலில் கெடுதலின் அடையாளமே தெரியாது. தீர்ந்ததும் பிசின் கிடுகிடுவெனப் பெருகும். இந்தத் தாக்குப்பிடிக்கும் காலத்தை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். அழுத்தமான ஆக்சிஜனோடு பெட்ரோலைக் கலனில் அடைத்து, 100 டிகிரி செல்சியஸில் வைத்து, ஆக்சிஜனின் அழுத்தம் சட்டென விழத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கிறார்கள். இந்தியத் தரப்படி அந்த நேரம் 360 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் நன்றாக இருந்த பெட்ரோல் ஏழாவது மாதத்தில் திடீரெனக் கெட்டதுபோலத் தோன்றுவதற்குத் தடுப்பான்கள் தீர்ந்துபோவதுதான் காரணம். கெடுவதற்கான ஆயத்தம் முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் பங்கில் நாம் கேட்டுச் செய்யக்கூடிய ஒரு சோதனையும் இங்கே பொருந்தும். வடிதாளில் ஒரு சொட்டு பெட்ரோலை விட்டால், நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். பிசினோ கனமான கலப்போ இருந்தால் கறை நிற்கும். வாடிக்கையாளர் கேட்டால் இந்தச் சோதனைக்குப் பங்க் இடம் தர வேண்டும்.

அடியில் தேங்கும் நீர்

டேங்கைப் பாதி காலியாக வைத்தால் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உள்ளே நீராகச் சொட்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தங்கும். 40 லிட்டர் காற்று இப்படிக் குளிர்ந்தால் விழும் நீர் சுமார் அரை கிராம், அதாவது பத்துச் சொட்டு. அதுவும் அந்தக் காற்று முழுவதும் புதிதாக உள்ளே வந்திருந்தால்தான். 10 டிகிரி வெப்பம் மாறும்போது டேங்க் உள்ளிழுக்கும் காற்று அதன் கொள்ளளவில் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இன்றைய கார்களில் ஆவி வெளியேறாதபடி கரிக்குடுவையோடு மூடிய அமைப்பும் உண்டு. ஆகவே ஒரு குவளை தண்ணீர் டேங்கில் கிடந்தால் இரவுப் பனியைக் குற்றம் சொல்ல முடியாது. சரியாக மூடாத மூடி, மழை, பங்கின் நிலத்தடித் தொட்டியில் இறங்கிய நீர், வெள்ளம் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் எஞ்சினைப் பார்த்தவர்கள் டேங்கையும் பார்க்க வேண்டியிருந்தது.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீரைக் கரைத்துக்கொள்ளவும் மறுப்பது. எனவே நீர் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சும் இடமும் அதே அடிப்பகுதிதான்.

எத்தனால் கலந்த பிறகு இந்தக் கதையில் ஒரு திருப்பம் வந்தது. இந்தியாவில் 2022இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஒரு கையால் பெட்ரோலையும் மறு கையால் நீரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அறை வெப்பத்தில் தன் அளவில் அரை சதவீதம்வரை நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 40 லிட்டருக்கு 200 மி.லி.! அந்த எல்லைக்குள் இருக்கும்வரை நீர் பெட்ரோலோடு எஞ்சினுக்குப் போய் ஆவியாகிவிடும். டேங்க் காய்ந்தே இருக்கும். எல்லை தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்த கலவை தனிப் படலமாக அடியில் இறங்கும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்திருக்கும். கீழே நிற்பது உலோகத்தை அரிக்கும் திரவம். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

பழைய கார்களின் டேங்குகள் இரும்புத் தகட்டால் ஆனவை. துருப்பிடிக்காமல் இருக்க ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். பூச்சு உரிந்த இடத்தில் நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொடும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் இறுகி நிற்காமல் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட்டு மறுபடி துருப்பிடிக்கிறது. இன்றைய கார்களில் பல அடுக்குப் பிளாஸ்டிக் டேங்குகள் பெருகிவிட்டன. அவற்றில் துரு இல்லை. நீர், மணல், பிசின் மூன்றும் உண்டு.

டீசலைத் தின்னும் உயிர்கள்

டீசல் டேங்கில் இன்னொரு வகைக் கசடு சேரும். அது உயிருள்ளது. நீரும் டீசலும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. நீர் அவற்றுக்கு வீடு. டீசலின் கார்பன் சங்கிலிகள் உணவு. அமோர்போதீகா ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. மண்ணெண்ணெயிலும் விமான எரிபொருளிலும் வளர்வதால் மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே அழைக்கிறார்கள். ஜெட் விமானங்களின் இறக்கைக்குள் இருந்த டேங்குகளில் இது பாய்போலப் படர்ந்து ஃபில்டரை அடைத்ததும், கழிவாக விட்ட அமிலங்களால் அலுமினியத்தை அரித்ததும் விமானப் பொறியாளர்களைத் திடுக்கிட வைத்தன. கார் டீசல் டேங்கில் கறுப்பாக, வழவழப்பாக, தொட்டால் இழுபடும் படலம் இருந்தால் அது பெரும்பாலும் இந்த உயிர்களின் குடியிருப்புதான். பிசினுக்கும் துருவுக்கும் போடும் மருந்து இதற்குப் பலிக்காது.

இவ்வளவு சிறிய அழுக்கா காரை நிறுத்தும் என்று தோன்றலாம். மனிதத் தலைமுடியின் பருமன் 70 மைக்ரானை ஒட்டியது. பெட்ரோல் இன்ஜெக்டரின் துளைகள் அதைவிடச் சில மடங்கு பெரியவை, அவ்வளவுதான். நவீன டீசல் எஞ்சின்கள் எரிபொருளை 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சுகின்றன. அங்கே கண்ணுக்கே தெரியாத சில மைக்ரான் துகள்கூட உலோகத்தைத் தேய்த்துவிடும். பம்பின் வாயில் உள்ள சல்லடை அடைபட்டால் பம்ப் திணறும். அந்தப் பம்பைக் குளிர்விப்பதும் அதன் வழியே ஓடும் எரிபொருள்தான் என்பதால், அடைப்பு பம்பையே எரித்துவிடும்.

காலி டேங்க் என்னும் ஆபத்து

இனி கழுவும் வேலை. முதலில் அறிய வேண்டியது, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் கொடியது என்பதை. எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம்வரை இருந்தால்தான் வெடிக்கும். நிறைந்த டேங்கின் மேற்பகுதியில் ஆவி இந்த அளவைத் தாண்டி நெருக்கமாக நிற்பதால் வெடிக்கத் தேவையான ஆக்சிஜன் அங்கே இல்லை. வடித்த டேங்கில் காற்று நுழைந்து கலவையை வெடிக்கும் வரம்புக்குள் கொண்டுவந்துவிடுகிறது. 40 லிட்டர் டேங்கை அந்த நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 மி.லி. பெட்ரோல் ஆவியானால் போதும். சுவரில் ஒட்டிய ஈரமே அவ்வளவு இருக்கும். பற்றவைக்க வேண்டிய ஆற்றலும் மிகக் குறைவு; நைலான் உடையில் தோன்றும் நிலைமின் பொறி போதும்.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டிடபிள்யூஏ 800 விமானம் வானில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். விசாரணை கண்டுபிடித்த காரணம், கிட்டத்தட்டக் காலியாக இருந்த நடு டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து வெடித்தது. பொறி எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் மின்கசிவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். விமானங்களின் டேங்கில் நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனைக் குறைக்கும் ஏற்பாடு அதன்பின் வந்தது.

ஓட்டையை அடைக்கக் காலி டேங்கை நேராக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது இதனால்தான் உயிரோடு விளையாடும் செயல். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் அது தானாக மேலே எழுந்து போய்விடாது. அடியில் கிடக்கும், வழிந்தால் தரையோடு ஊர்ந்து தூரத்தில் எரியும் அடுப்பைத் தேடிப் போகும். பிளாஸ்டிக் டேங்கின் சுவர் பெட்ரோலைச் சிறிது உறிஞ்சி வைத்திருக்கும். கழுவிக் காயவைத்த பிறகும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றோட்டமான திறந்த வெளி, பேட்டரி இணைப்பைக் கழற்றுதல், பொறி எழாத கருவிகள், பக்கத்தில் தீயணைப்பான் ஆகியவை இந்த வேலையின் தொடக்கம். இன்றைய கார்களில் டேங்க் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. எரிபொருள் குழாயில் அழுத்தமும் நிற்கிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது.

கசட்டுக்கேற்ற மருந்து

ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் பழைய விதி. பிசின், பெட்ரோலிலிருந்து பிறந்தாலும் ஆக்சிஜன் ஏறியதால் குணம் மாறிவிட்டது. புதிய பெட்ரோலை ஊற்றிக் குலுக்கினால் அது கரையாமல் போவது இதனால்தான். அசிட்டோன், எத்தனால் போன்ற ஆக்சிஜன் கொண்ட கரைப்பான்கள் அதை இளக்கும். பழைய காரில் முதல்முறை எத்தனால் கலந்த பெட்ரோல் போடும்போது திடீரென ஃபில்டர் அடைத்துக்கொள்வதும் இதன் விளைவே. பல ஆண்டுப் பிசினை எத்தனால் இளக்கிக் கொண்டுவருகிறது. கடையில் விற்கும் சுத்திகரிப்புத் திரவங்களில் ஒரு முனை அழுக்கைப் பற்றி மறு முனை பெட்ரோலில் கரையும் மூலக்கூறுகள் உண்டு. இன்ஜெக்டரில் படிந்த மெல்லிய படலத்துக்கு அவை நல்லவை. டேங்கின் அடியில் கட்டியாகக் கிடக்கும் துருவையும் மணலையும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

துருவுக்கு எந்தக் கரைப்பானும் உதவாது, அமிலம் வேண்டும். பட்டறைகளில் சிறு நட்டுகளையோ சரளைக் கல்லையோ சோப்பு நீரோடு உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். தளர்ந்த செதில்கள் அதில் வந்துவிடும். ஒட்டியிருப்பதைச் சிட்ரிக் அமிலம் இளக்கும். அதன் மூலக்கூறு இரும்பு அயனியைப் பல பக்கமும் சூழ்ந்து பிடித்து நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. பாஸ்பாரிக் அமிலம் துருவை நீக்குவதோடு இரும்பு பாஸ்பேட் என்ற மெல்லிய காப்பையும் விட்டுச்செல்கிறது. கழிவறை ஆசிட்டைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும், ஈயப் பற்றுகளையும் தின்னும். எஞ்சும் குளோரைடு மறு துருவுக்கு விதை போடும்.

மின்சாரத்தாலும் துருவை நீக்கலாம். பெட்ரோல் நெடி அறவே போன டேங்கில் சலவைச் சோடா கரைசலை நிரப்பி, டேங்கைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், சுவரைத் தொடாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியை நேர்முனையிலும் இணைப்பார்கள். எலக்ட்ரான்கள் துருவுக்குள் பாய்ந்து அதைக் கறுப்பான, உதிரும் பொருளாக மாற்றும். நல்ல இரும்பு தேயாது என்பது இதன் சிறப்பு. கூடவே ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் மூடிய அறையில் செய்யக் கூடாது.

துரு போன இரும்பு பச்சைக் காயம்போல இருக்கும். ஈரம் இருந்தால் சில நிமிடங்களில் செம்மை ஏறிவிடும். அமிலத்தைச் சமையல் சோடாவால் முறித்து, அலசி, சூடான காற்றால் உடனே உலர்த்தி, எண்ணெயோ புதிய எரிபொருளோ பூச வேண்டும். உள்ளே காப்புப் பூச்சு கொடுத்தால் எத்தனாலைத் தாங்கும் பூச்சாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தோலாக உரிந்து பம்பை அடைக்கும். டீசல் டேங்கில் உயிர்க்கொல்லி மருந்து ஊற்றினால் மட்டும் போதாது. இறந்த படலத்தையும் அடியில் உள்ள நீரையும் வெளியே எடுக்க வேண்டும். நீர் இருக்கும்வரை அவை திரும்பி வரும். எந்த டேங்கானாலும் கழுவிய பின் ஃபில்டரையும் சல்லடையையும் மாற்றாவிட்டால் செய்த வேலை பாதிதான்.

வடித்த பழைய பெட்ரோலையும் கழுவிய கரைசலையும் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மண்ணுக்குள் இறங்கி யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றைச் சேரும். மூடிய உலோகக் கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுப்பதுதான் முறை.

உங்கள் காரின் டேங்கைக் கழுவ வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் ஒரு கோரிக்கை வையுங்கள்: வெளியே எடுக்கும் கசட்டைக் கொட்டும் முன் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்பது நீர் என்றால் மூடியையும், பெட்ரோல் போடும் இடத்தையும் மாற்ற வேண்டும். பழுப்புப் பிசின் என்றால் காரை அதிக நாள் நிறுத்துகிறீர்கள் என்று பொருள்; திரும்ப எடுக்கும்போது புதிய பெட்ரோலை ஊற்றுங்கள். செந்நிறச் செதில் என்றால் டேங்கின் தகடே தேய்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது நிற்காது. கறுத்த வழவழப்பு என்றால் நீரை வெளியேற்றுவதில்தான் தீர்வு இருக்கிறது. டேங்கைக் கழுவுவது ஒரு நாள் வேலை. காரணத்தை அறிந்து அதை நிறுத்தினால்தான் அந்த ஒரு நாள் வேலை பல ஆண்டு நிலைக்கும்.